மினாக்ஸ் முதல் பொத்தான் கேமரா வரை: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிப்பது

சட்டைப்பைக்குள் அடங்கும் பழைய கேமராக்களை வாங்குபவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: "பார்க்கப் புதிதுபோல இருந்தது, பிலிம் போட்டேன், ஒன்றும் வரவில்லை." நானும் பாடியிருக்கிறேன். முதல் மூன்று கேமராக்களைப் பழுது பார்க்கக் கொடுத்துப் பணம் கட்டிய பிறகுதான் புரிந்தது, இரண்டில் பழுதே இல்லை. கோளாறு நான் சுருட்டிப் போட்ட பிலிமில் இருந்தது. அன்றிலிருந்து எந்த நுண் கேமரா கைக்கு வந்தாலும் முதல் சந்தேகம் பிலிம் அடைக்கும் சிறு பெட்டியான கேசட்டின் மேல், இரண்டாவது என் மேல், மூன்றாவதுதான் கேமராவின் மேல்.

கீழே உள்ளவை பெரும்பாலும் மினாக்ஸ் ஏ, பி, சி மாடல்களுக்கும், மினோல்டா 16 வரிசைக்கும், அதைப் பார்த்துக் கீவ் நகரின் ஆர்செனல் ஆலை செய்த கீவ்-வேகா, கீவ்-30 இரண்டுக்கும் பொருந்தும். மாறுவேடக் கேமராக்கள் கடைசியில் வருகின்றன.

மேஜையில் இருக்க வேண்டியவை: சிறிய டார்ச், பத்து மடங்கு உருப்பெருக்கி, சாமணம், ரப்பர் ஊதி, பஞ்சுக் குச்சி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், இருட்டுப் பை, மெதுவோட்டப் படம் எடுக்கும் கைப்பேசி. இவற்றோடு, பாழானாலும் கவலையில்லாத பிலிம் ஏற்றிய ஒரு சோதனை கேசட். இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மேஜையில் இருக்கவே கூடாதது, கதவுக் கீலுக்கு அடிக்கும் துருநீக்கி ஸ்பிரே.

## அறிகுறி 1: இழுத்தால் வரவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

மினாக்ஸும் மினோல்டா 16-உம் தீப்பெட்டியைப் போல இழுத்துத் தள்ளி இயக்குபவை. இழுப்பு சிக்கினால் கை தானாகவே பலத்தைக் கூட்டும். அந்தக் கையை முதலில் நிறுத்துங்கள்.

உள்ளே பிலிம் இருக்கிறதா? தெரியாவிட்டால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுப் பைக்குள் பின்மூடியைத் திறந்து கேசட்டை எடுத்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். இப்போது தடையின்றி ஓடினால் கேமரா நலம். சுருள் முடிந்திருக்கும், அல்லது நீளம் அதிகமான பிலிம் ஏற்கும் அறையில் நிரம்பி இறுகியிருக்கும். நேராக அறிகுறி 4-க்குப் போங்கள்.

பிலிம் இல்லாமலும் சிக்குகிறதா? பக்கவாட்டில் டார்ச் அடித்து, உறையும் உடலும் உரசும் இடுக்கைப் பாருங்கள். காய்ந்த கிரீஸ், தோல் உறையின் நார், சட்டைப்பைத் தூசி மூன்றும் சேர்ந்து அங்கே கரும்பசையாக அப்பியிருக்கும். ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். குச்சி சொட்டக்கூடாது, சொட்டினால் அந்தப் பசை கரைந்து லென்ஸ் பக்கம் போய்ச் சேரும்.

உடலில் நெளிவு இருக்கிறதா? வால்டர் சாப் வடிவமைத்து 1930-களின் இறுதியில் லாட்வியாவின் ரீகா நகர வி.ஈ.எஃப். ஆலையில் செய்யப்பட்ட முதல் மினாக்ஸின் உடல் துருப்பிடிக்காத எஃகு. போருக்குப் பின் ஜெர்மனியில் செய்தவை அலுமினியம். கீழே விழுந்தால் எஃகு கீறலோடு தப்பிக்கும், அலுமினியம் நெளியும். ஓர் ஓரத்தில் நகக்கண் அளவு நெளிவு இருந்தாலும் இழுப்பு அங்கே வந்து நிற்கும். மரச்சுத்தியலால் தட்டி நேராக்கலாம் என்று தோன்றும். தட்டி நேராக்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது, காகிதக் கனமாக.

கரகரவென்று பல் தேயும் ஒலி கேட்கிறதா? அதோடு நிறுத்திவிடுங்கள். பற்சக்கரமோ நெம்புகோலோ உடைந்திருக்கிறது. ஒவ்வோர் இழுப்பும் இன்னொரு பல்லை உடைக்கும். இது பழுது பார்ப்பவரிடம் போக வேண்டியது.

## அறிகுறி 2: பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

கேமரா முழுவதும் இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் குறைவாக நின்றாலும் பல மாடல்களில் பொத்தான் பேசாது. அடுத்து வேகச் சக்கரத்தைப் பாருங்கள். இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றிருந்தால் ஓர் எண்ணில் சரியாக நிறுத்துங்கள். எனக்கு வந்த "ஷட்டர் செத்துப்போன" கேமராக்களில் சில இந்த இரண்டிலேயே உயிர்பெற்றன.

ஒலி வருகிறது, வெளிச்சம் வரவில்லை. பின்மூடியைத் திறந்து, கேமராவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, மெதுவான வேகத்தில் அழுத்தி உள்ளிருந்து பாருங்கள். வெளிச்சப்புள்ளி தெரிந்தால் ஷட்டர் திறக்கிறது. மங்கலாகத் தெரிந்தால் மினாக்ஸில் உள்ளமைந்த வடிகட்டி லென்ஸின் முன் தள்ளப்பட்டிருக்கிறது. மேலே உள்ள சிறு விசையை நகர்த்துங்கள். புள்ளியே தெரியாவிட்டால் ஷட்டரின் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒட்டிய தகட்டுக்கு ஒரே வீட்டு வைத்தியம்: கேமராவை ஒரு மணி நேரம் சற்றுச் சூடான இடத்தில் வைத்துவிட்டு, பிலிம் இல்லாமல் இருபது முப்பது முறை இயக்குவது. உச்சி வெயிலில் அல்ல, சமையலறை அலமாரியின் மேல்தட்டு போன்ற இடத்தில். விட்டுக்கொடுத்தால் சரி. லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலை ஊசியால் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. மறுநாள் ஷட்டர் ஓடும், மறுவாரம் லென்ஸின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் படியும். மினாக்ஸின் ஷட்டர் லென்ஸுக்கு முன்னாலேயே இருப்பதால் இந்த விபரீதம் இன்னும் சுலபம்.

ஒலியும் இல்லை, மாடல் மின்னணு வகை. 1969-இல் வந்த மினாக்ஸ் சி, பின்னர் வந்த எல்.எக்ஸ். போன்றவை மின்கலத்தை நம்பியவை. மூலத்தில் போட்டது 5.6 வோல்ட் பாதரசக் கலமான பி.எக்ஸ். 27. அது இன்று கிடைப்பதில்லை. எஸ்.ஆர். 43 வெள்ளி ஆக்சைடு கலங்கள் நான்கை ஒரு தாங்கியில் அடுக்கினால் 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரும். என் கேமரா அதில் குறையில்லாமல் ஓடுகிறது. காரக் (ஆல்கலைன்) கலங்களை அடுக்கினால் அவை தேயத் தேய மின்னழுத்தம் சரிந்துகொண்டே வரும். கேமரா நொண்டும்போது எது காரணம் என்றே தெரியாது.

கல அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, வினிகர் தொட்ட குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவையுங்கள். தொடுமுனை பளபளவென்று வந்த பிறகும் அசைவில்லை என்றால் உப்பு கம்பிவழியே உள்ளே போயிருக்கிறது. மின்னணு மினாக்ஸை வீட்டில் பிரிக்க வேண்டாம். இன்னொன்றை வாங்குவது மலிவு.

## அறிகுறி 3: ஷட்டர் திறக்கிறது, ஆனால் வேகம் சந்தேகம்

கைப்பேசியை வினாடிக்கு 240 சட்டம் (பிரேம்) எடுக்கும் மெதுவோட்டத்தில் வையுங்கள். கேமராவின் பின்புறத்தைத் திறந்து, முன்னால் விளக்கு வைத்து, ஒவ்வொரு வேகத்திலும் மூன்று முறை எடுத்து, வெளிச்சம் தெரியும் சட்டங்களை எண்ணுங்கள். அரை வினாடிக்கு 120 சட்டம், இருபதில் ஒரு பங்குக்கு 12. ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் இந்த முறையை நம்பாதீர்கள், சட்டங்கள் போதாது.

எண்ணிக்கை மூன்று முறையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, மொத்தமாகக் கூடியிருந்தால் கவலை இல்லை. அரை வினாடி முக்கால் வினாடியாக ஓடுகிறது என்று ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வைத்துவிடலாம். ஒருமுறை 120, மறுமுறை 190, மூன்றாம் முறை திறந்தபடியே நிற்கிறது என்றால் உள்ளே மசகு காய்ந்துவிட்டது. சுத்தம் செய்யப் பிரித்தாக வேண்டும். அது உங்கள் வேலையல்ல. மெதுவான வேகங்கள் மட்டும் பிசகி, நூறில் ஒரு பங்கும் அதற்கு மேலும் எடுத்த படங்கள் சரியாக வருகின்றன என்றால், நான் பழுது பார்க்கக் கொடுப்பதில்லை. பகல் வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

## அறிகுறி 4: சுருள் முழுக்க வெறுமை, அல்லது படங்கள் ஒன்றின்மேல் ஒன்று

இந்தக் கேமராக்களை வைத்திருப்பவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். தொண்ணூறு விழுக்காடு கேசட் என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் நான் பார்த்த வரையில் கேமராவே குற்றவாளியாக இருந்த சந்தர்ப்பங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

முதலில் டெவலப் செய்த பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். தொடக்க முனை கருத்திருக்கிறதா? ஏற்றும்போது வெளிச்சம் பட்ட அந்த முனை கருத்திருந்தால் டெவலப்பர் வேலை செய்திருக்கிறது, படம்தான் விழவில்லை. முனையும் வெளுப்பாக இருந்தால் ரசாயனக் கோளாறு; கேமராவை விட்டுவிடுங்கள்.

முனை கறுப்பு, மீதி வெறுமை. பிலிம் நகரவே இல்லை. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

ஏற்கும் உருளையிலிருந்து வால் கழன்றிருக்கும். மினாக்ஸ் கேசட் இரண்டு சிறு அறைகளும் நடுவே ஒரு பாலமுமாக இருக்கும். மினோல்டாவுக்கும் அதே அமைப்பு. பிலிமின் முனையை ஏற்கும் உருளையில் ஒட்டும் டேப் பழையதாக இருந்தால் இரண்டாவது இழுப்பிலேயே உரிந்துவிடும். சோதனை சுலபம்: சோதனை கேசட்டைப் போட்டு, பின்மூடியைத் திறந்தபடியே இரண்டு மூன்று முறை இயக்கி, கேசட்டின் ஏற்கும் உருளை சுழல்கிறதா என்று பாருங்கள். உருளை சுழன்றும் பாலத்தின் மேல் பிலிம் நகராவிட்டால் டேப் காரணம். உருளையே சுழலாவிட்டால், அதன் வாயில் உள்ள வெட்டும் கேமராவின் இயக்கு முள்ளும் பொருந்தவில்லை. கேசட்டைச் சற்றுத் திருப்பி மறுபடி உட்காரவையுங்கள். முள் உடைந்தோ தேய்ந்தோ இருந்தால்தான் பழுது பார்ப்பவர்.

அடுத்தது அகலம். மினாக்ஸ் பிலிம் 9.2 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 35 மி.மீ. பிலிமில் ஓட்டைகளுக்கு நடுவே இரண்டு கீற்று எடுக்கலாம். பிலிமை நீளவாக்கில் கீறும் பெட்டியின் பிளேடு மழுங்கினால் விளிம்பு முடிமுடியாகப் பிசிறும். அந்தப் பிசிறு கேசட்டின் வாயில் மாட்டும். வெட்டிய கீற்றின் விளிம்பை விரல்நுனியால் ஒருமுறை தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் பிளேடை மாற்றுங்கள். ஒரு பிளேடைப் பல மாதம் ஓட்டியதில் நான் இழந்த சுருள்களின் விலைக்கு ஒரு பெட்டி பிளேடு வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது நீளம். பழைய மினாக்ஸ் எண்காட்டியில் 50 வரை இருக்கிறது என்பதற்காக 50 படத்துக்கான நீளம் வெட்டக்கூடாது. நாம் வெட்டும் சாதாரண 35 மி.மீ. பிலிமின் தடிமனுக்கு உருளை சீக்கிரம் நிரம்பிவிடும். முதல் சோதனைக்கு 15 படம் போதும்.

வெறுமையும் படமும் மாறிமாறி வருகின்றன. பழுதே இல்லை. ரீகாவில் செய்த முதல் மினாக்ஸிலும், ஏ, பி மாடல்களிலும், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கேமராவை மூடித் திறந்தால் பிலிம் ஒரு சட்டம் நகரும். பின்னால் வந்தவற்றில் ஷட்டரை இயக்கினால் மட்டுமே நகரும் ஏற்பாடு உண்டு. ஒரு கல்யாண வீட்டில் என் மினாக்ஸ் பி கைமாறிக் கைமாறிப் போயிற்று. பெரியவர்கள், குழந்தைகள், நாதஸ்வரக்காரர் வரை ஆளுக்கு இரண்டு தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். அந்தச் சுருளில் மாப்பிள்ளை மூன்று படத்தில் இருக்கிறார்.

படங்கள் ஒன்றின்மேல் ஒன்று. முழுவதும் இழுக்காமல் முக்கால் இழுப்பில் அழுத்தும் பழக்கமா என்று உங்களையே கேளுங்கள். இல்லையென்றால் வேறு கேசட்டில் சோதியுங்கள். மூன்று வெவ்வேறு கேசட்டிலும் அதே இடத்தில் படங்கள் ஏறி உட்கார்ந்தால் நகர்த்தும் பல் வழுக்குகிறது. இங்கேதான் கேமரா முதன்முறையாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது.

## அறிகுறி 5: படம் வருகிறது, தெளிவு இல்லை

எதிர்பார்ப்பைச் சரிபார்ப்பது செலவில்லாத வேலை. மினாக்ஸ் நெகட்டிவ் 8×11 மி.மீ. சாதாரண 35 மி.மீ. சட்டத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. 10×15 செ.மீ. அச்சுக்கே பதின்மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்குகிறோம். சொரசொரப்பு பழுதல்ல.

அருகில் எடுத்தவை மட்டும் மங்கல். மினாக்ஸில் 15 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 3.5-இல் நிலையானது. 4 மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து தொலைவு வரை தெளிவு கிடைக்கும். ஆனால் 20 செ.மீ.-இல் ஒரு காகிதத்தை எடுக்கும்போது முன்னும் பின்னும் ஒரு சென்டிமீட்டர்கூடத் தப்பு பொறுக்காது. அதற்குத்தான் மணி கோத்த அளவுச் சங்கிலி. அமெரிக்கக் கடற்படையில் ரகசியங்களை விற்று 1985-இல் பிடிபட்ட ஜான் வாக்கர் மினாக்ஸால்தான் ஆவணங்களை நகலெடுத்தார். அந்த வேலைக்கு இந்தக் கேமரா பேர்போனதற்குப் பாதி காரணம் அந்தச் சங்கிலி. உங்கள் கேமரா சங்கிலி இல்லாமல் வந்திருந்தால், ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். கண்மதிப்பை நம்பாதீர்கள்.

மினோல்டா 16-II நிலைக்குவிய வகை, தூரத்தை மாற்றிவைக்க முடியாது. அருகில் எடுக்கத் துணை லென்ஸ் வேண்டும். ஒரு தலைகீழ்க் கோளாறும் உண்டு. முந்தைய உரிமையாளர் மாட்டிய துணை லென்ஸ் இன்னும் முன்னால் இருந்தால் தொலைவெல்லாம் கலங்கும். சரிபார்த்துக் கழற்றுங்கள்.

எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றன. கை நடுக்கம். இவ்வளவு எடை குறைந்த கேமரா பொத்தானை அழுத்தும் விரலோடு சேர்ந்தே அசையும். சங்கிலியின் நுனியைச் சட்டைப் பொத்தானில் மாட்டி இறுக்கிப் பிடித்தால் பாதி சரியாகிவிடும்.

எல்லாத் தூரத்திலும் பால்போல் மங்கல். லென்ஸுக்கு முன்னால் ஒரு டார்ச் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். விரல்ரேகை என்றால் ஊதி, நனைத்த லென்ஸ் தாளால் ஒருமுறை துடையுங்கள். சிலந்தி வலைபோல் இழையோடினால் பூஞ்சை. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். தோல் உறையோடு பெட்டிக்குள் வைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் வைக்கும் விருந்து. உறையைத் தனியே வையுங்கள். கேமராவை ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் காற்றுப்புகாப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். அரிசிப் பானையில் புதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவுக்கு மாவுத்தூசி, அரிசிக்கு இரும்பு வாசனை. வேறு பயன் இல்லை. உட்புறப் பூஞ்சைக்கு நிபுணர் வேண்டும். வெளிக்கண்ணாடியோடு நின்றால் நீங்களே துடைக்கலாம்.

நடு தெளிவு, மூலைகள் மங்கல். பிலிமை அழுத்தும் தகட்டைப் பாருங்கள். பின்மூடியைத் திறந்து விரல்நுனியால் மெல்லத் தொட்டால் வில்லோடு திரும்பி வர வேண்டும். திரும்பாவிட்டால் அடியில் பிலிம் துணுக்கு இருக்கும், சாமணத்தால் எடுங்கள். தகடு சரி என்றால், நெகட்டிவிலிருந்து அச்சு எடுக்கும் கருவியான பெரிதாக்கியைச் சந்தேகியுங்கள். ரீகா கேமராவில் பிலிம் தட்டையாக நிற்கும். கோம்பிளான் லென்ஸ் வைத்த பிந்திய மினாக்ஸில் பிலிமையே வளைத்துப் பிடித்திருப்பார்கள்; மினாக்ஸின் சொந்தப் பெரிதாக்கியும் அந்த வளைவுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. ஒன்றின் நெகட்டிவை மற்றதற்கான கருவியில் போட்டால் மூலைகள் போகும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

## அறிகுறி 6: புகைமூட்டம், வெளிச்சக் கோடு, படத்தில் ஓட்டை

எங்கே விழுகிறது என்பதுதான் துப்பு.

முதல் இரண்டு மூன்று சட்டங்கள் மட்டும் கறுப்பு: இயல்பு. பாலத்தின் மேல் கிடக்கும் பிலிம் திறந்துதானே இருக்கிறது. நிழலில் ஏற்றுங்கள், இரண்டு சட்டம் ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள். இடையில் தவறிப் பின்மூடி திறந்துவிட்டாலும் பதற வேண்டாம். போவது அந்த ஓரிரு சட்டங்கள்தான். அறைக்குள் இருப்பவை பிழைக்கும்.

சுருள் முழுக்க விளிம்பில் தீற்றல்: கேசட்டின் மூடி தளர்ந்திருக்கிறது. பழைய பிளாஸ்டிக் கேசட் முடிவில்லாமல் திறந்து மூடத் தாங்காது. மயிரிழை விரிசல் விடும். டார்ச்சை அணைத்து எரிய வைத்து விரிசலைத் தேடிக் கண் நோகாதீர்கள். கேசட்டை மாற்றிப் பாருங்கள். கேசட்டுகளில் எண் எழுதி வைத்தால் எந்த எண் கசிகிறது என்று இரண்டாம் சுருளிலேயே தெரிந்துவிடும்.

எல்லாச் சட்டத்திலும் ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் கோடு, எந்தக் கேசட் போட்டாலும்: கேமரா உடலில் கசிவு. பின்மூடியின் விளிம்பைக் கறுப்பு டேப்பால் மூடி ஒரு சுருள் எடுங்கள். போய்விட்டால் மூடி நெளிந்திருக்கிறது, டேப்போடு வாழலாம். போகாவிட்டால் ஷட்டர் பக்கம், நிபுணர்.

படத்தின் ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள்: பிலிம் தேர்வுதான் தப்பு. முதல் மினோல்டா 16-இன் சட்டம் 10×14 மி.மீ. இருபுறமும் ஓட்டை உள்ள 16 மி.மீ. சினிமா பிலிமிலும் அது நடுவில் அடங்கிவிடும். 12×17 மி.மீ. எடுக்கும் மினோல்டா எம்.ஜி.-எஸ்.-க்கு ஒருபக்கம் மட்டும் ஓட்டை உள்ளது வேண்டும். 13×17 மி.மீ. எடுக்கும் கீவ்-30-க்கு ஓட்டையே இல்லாதது வேண்டும். கேசட் மூன்றுக்கும் ஒரே வகை என்பதால் பிலிமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

## அறிகுறி 7: எல்லாம் வெளுப்பு அல்லது கறுப்பு, மீட்டர் பொய் சொல்கிறது

நல்ல வெயிலில் எடுத்த மினாக்ஸ் நெகட்டிவ் எல்லாம் அடர்கறுப்பாக வந்தால் கணக்கைப் போடுங்கள். துளை எஃப் 3.5 நிலையானது என்பதால், ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு வெயிலில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வினாடி வேண்டும். கேமராவில் உச்சமே ஆயிரத்தில் ஒரு பங்குதான். பத்து மடங்கு வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் வடிகட்டியைத் தள்ளி, இருநூறில் ஒரு பங்கில் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. 25 பிலிம் என்றால் வடிகட்டி இல்லாமல் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ஷட்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்தவன் நான்.

1958-இல் வந்த மினாக்ஸ் பி-யின் ஒளியளவு மீட்டர் செலினிய வகை, மின்கலம் கிடையாது. முள் அசையவே இல்லை என்றால் மீட்டர் பொத்தானை அழுத்தியபடி வெயிலில் காட்டுங்கள். அசைந்தால், கைப்பேசி ஒளியளவுச் செயலியோடு நிழல், வெயில், அறை மூன்று இடத்திலும் ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு பிசகினால் பிலிம் வேக எண்ணை மாற்றி ஈடுகட்டலாம். வெயிலில் சரியாகவும் நிழலில் தப்பாகவும் காட்டினால் செலினியம் தேய்ந்துவிட்டது. மீட்கும் வழி இல்லை. வேலை செய்யும் செலினியம் வேண்டுமென்றால் இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. மீட்டரே இல்லாத மினாக்ஸ் ஏ-யை நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

## அறிகுறி 8: மாறுவேடக் கேமரா அசைகிறது, படம் இல்லை

இங்கே பழுதைவிடக் குறைபாகமே அதிகம்.

பைக்கடிகாரம்போலச் சங்கிலியில் தொங்கும் வகை. லண்டனின் ஹாட்டன்ஸ் நிறுவனம் 1905 முதல் விற்ற டிக்காவில், சாவி திருகும் தண்டுக்குள் லென்ஸ் ஒளிந்திருக்கும். குமிழ் வடிவ மூடி அதன் லென்ஸ் மூடி. அதைப் போட்டுவிட்டே ஷட்டரை ஏற்றுங்கள், எடுத்துவிட்டு அழுத்துங்கள். மூடி தொலைந்திருந்தால் சுருள் முழுக்கப் புகை விழுவதில் வியப்பில்லை. பிலிம் 17.5 மி.மீ. அகலம்; அதற்கான சிறு சுருள்பெட்டி இல்லாமல் வந்த டிக்காவை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

ஜப்பானியச் சிறு கேமராக்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பானில் குவிந்த, 14×14 மி.மீ. எடுக்கும் பொம்மை போன்ற கேமராக்களின் பின்னால் சிவப்பு ஜன்னல் இருக்கும். சிவப்புக்குக் கண்ணில்லாத அந்தக்கால பிலிமுக்கு அது பாதுகாப்பு. இன்றைய கறுப்பு-வெள்ளை பிலிமில் பெரும்பாலானவை சிவப்பையும் பார்க்கும். நடுவில் வட்டமாகப் புகை விழுந்தால் ஜன்னலைக் கறுப்பு டேப்பால் மூடி, எண் பார்க்கும் நொடி மட்டும் நிழலில் திறங்கள்.

பொத்தான் கேமரா. கிராஸ்னோகோர்ஸ்க் ஆலை செய்த எஃப்-21 கோட்டுப் பொத்தானுக்குப் பின்னால் ஒளியும். சுருள்வில்லால் தானே பிலிமை நகர்த்தும். 21 மி.மீ. அகல ஓட்டையற்ற பிலிமில் 18×24 மி.மீ. சட்டம். வில் சுற்றியும் நகரவில்லை என்றால் முதலில் அகலத்தை அளந்து பாருங்கள். கையால் கீறிய 21 மி.மீ. பெரும்பாலும் 21 மி.மீ. இருப்பதில்லை. படம் ஓரம் வெட்டுண்டு வந்தால் போலிப் பொத்தானின் துளை லென்ஸுக்கு நேராக இல்லை. பொத்தான் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு சட்டம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வில் சுற்றும்போது திடீரென்று தடையே இல்லாமல் சுழன்றால் வில் அறுந்தது.

இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு: சாதாரண கீவ்-30-ஐ "கே.ஜி.பி. உளவுக் கேமரா" என்று மூன்று மடங்கு விலை சொல்பவர்களிடம் எஃப்-21-ஐப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். விலை இறங்கும், அல்லது ஆள் இறங்கிப் போய்விடுவார்.

டெஸினா. சுவிட்சர்லாந்தின் இரட்டை லென்ஸ் கேமரா, 14×21 மி.மீ. சட்டம். புகையிலைப் பைக்குள் வைக்கப்பட்ட ஒரு டெஸினா 1971-இல் வெள்ளை மாளிகையின் "குழாய்க்காரர்கள்" (ரகசியக் கசிவை அடைக்க நிக்சன் ஆட்சி வைத்திருந்த குழு) கைக்குப் போனது வரலாறு. 35 மி.மீ. பிலிம்தான் என்றாலும் அதற்குரிய தனிச் சிறு கேசட் வேண்டும். சாதாரண கேசட்டைத் திணிக்க முயன்று பின்மூடியை வளைத்தவர்கள் உண்டு. வில்லை இறுகும் வரை சுற்றாதீர்கள், சேமித்து வைக்கும்போது தளர்த்தியே வையுங்கள்.

## யாரிடம் கொடுப்பது

வில், பற்சக்கரம், தேய்ந்த அச்சு என்றால் பழைய இயந்திரக் கடிகாரம் பார்க்கும் கைகளே போதும். என் ஊரில் அப்படி ஒருவரிடம் ஒரு சுருள்வில் கேமராவைக் கொடுத்தபோது, மேஜையிலிருந்து எழாமலே, "இது கடிகாரம்தானே, மணி காட்டாது அவ்வளவுதான்" என்று சொல்லி நான்கு நாளில் ஓட வைத்தார். ஷட்டர், லென்ஸ் குவியம், மின்னணு மூன்றையும் அவரிடம் கொடுக்காதீர்கள். அவை நுண் கேமராக்களையே தொழிலாகச் செய்பவர்களுக்கு உரியவை. ரீகா மினாக்ஸ் என்றால் எந்தக் கோளாறானாலும் வெளித்திருகுகூட உங்கள் கையால் சுழல வேண்டாம். திருகின் தலை சிராய்த்தாலே விலை போய்விடும்.

அனுப்பும்போது கேமராவைத் தனியே அனுப்பாதீர்கள். நீங்கள் எப்போதும் பயன்படுத்தும் கேசட் ஒன்றையும், கோளாறு தெரியும் நெகட்டிவ் துண்டையும், எந்த வேகத்தில் எத்தனை சட்டம் எண்ணினீர்கள் என்ற சீட்டையும் சேர்த்து வையுங்கள். மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். தோல் உறையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.